கீழே இறங்கக் கூடாத கோடு

ஓவியர் தங்கராசு சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய ப்ளைவுட் பலகையைக் குறுக்காகக் கட்டி, அதன்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, கல்லூரி கேட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி படம் வருகிறது என்று நினைத்துவிட்டார். பாவம், வந்தது வேதியியல்.

ஆய்வகத்து வாசலில் நிறுத்தி வேட்டியை விலக்கினார் தங்கராசு. புது பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. பச்சைப் பசேலென்று ஒரே உயரத்தில் இரண்டு மலைகள். நடுவில் கதிர்களைப் பரப்பிக்கொண்டு ஒரு சிவப்புச் சூரியன்.

நான் தாளில் வரைந்து கொடுத்தனுப்பியது ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதைக் காட்டும் ஆற்றல் வரைபடம்.

"ஏனுங்ண்ணா, என்னங்க இது?" என்றேன். எனக்குப் பழநிப் பக்கத்துப் பேச்சு. கோபம் வந்தால் 'ங்க' இன்னும் அதிகமாகும்.

"நீங்க குடுத்த படந்தாம்மா. ரெண்டு மேடு, நடுவுல பள்ளம். பள்ளம் வெறிச்சுனு கெடந்துச்சு, அதான்."

"நான் மொத மேட்டைப் பெருசா, ரெண்டாவதைச் சின்னதாத்தானுங்க போட்டேன்?"

"ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டைன்னா பாக்க லட்சணமா இருக்காதும்மா. கை தவறிப் போட்டுட்டீகன்னு நெனச்சேன்."

அது தேர்தல் சமயம். ஊரில் சுவருக்குச் சுவர் மலையும் சூரியனும் வரைந்து வரைந்து அவர் கை அந்தப் பாதையிலேயே ஓடிப் பழகியிருந்தது. எதிர் முகாமின் சின்னத்தை வரைந்துகொண்டிருந்ததும் அவர்தான். நல்லவேளை, என் வரைபடத்தில் இலை முளைப்பதற்குத் தோதான இடம் எதுவும் இல்லை.

சூரியனை அங்கேயே உட்கார்ந்து வெள்ளை பெயின்டால் மூட வைத்தேன். இரண்டாவது மலையைச் சீவிக் குட்டையாக்கினார். தன் கலையைக் கெடுத்தவளை என்ன செய்யலாம் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் வேதியியல், பொறுத்துக்கொள்ளுங்கள்

இந்த இடத்தில் வாசகர்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுவார்கள் என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். போகிறவர்கள் போய்வரலாம்.

ஒரு வேதிவினை நடக்க வேண்டுமென்றால் மூலக்கூறுகள் முதலில் ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். அந்த ஏற்றத்துக்குத் தேவைப்படும் தெம்புக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சில வினைகள் ஒரே மூச்சில் முடிவதில்லை. இரண்டு மூன்று படிகளாக நடக்கும், படிக்கு ஒரு மேடு. மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அதில் இடைநிலைப் பொருள் என்ற ஒன்று உருவாகி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் காணாமல் போகும்.

இந்த மேடுகளில் எதைக் கடப்பது கடினமோ அதுதான் மொத்த வினையின் வேகத்தைத் தீர்மானிக்கும். மற்ற படிகள் எவ்வளவு விரைவாக நடந்தாலும் பிரயோசனமில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு மேசையில் கோப்பு தூங்கினால், மற்ற மேசைக்காரர்கள் சுறுசுறுப்பாக இருந்து என்ன ஆகப் போகிறது?

எல்லாம் ஏறி முடித்தபின் கோடு எங்கே போய் நிற்கிறது என்பதும் முக்கியம். வெப்பத்தை வெளியே விடும் வினையென்றால், கிளம்பிய இடத்தைவிடக் கீழே போய் நிற்கும். அப்படிக் குறையும் ஆற்றல்தான் சூடாக நம் கையில் படுகிறது. பெராக்சைடு அந்த ரகம். அதில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடைப் போட்டால் நுரைத்துப் பொங்கும், பீக்கர் சுடும். இரண்டு படிகள். முதல் மேடு பெரியது, அடுத்தது சின்னது, அப்புறம் ஒரே இறக்கம்.

வேதியியல் அவ்வளவுதான். ராசிபலனுக்குப் போனவர்கள் திரும்பி வரலாம்.

துறையும் நானே

திண்டுக்கல்லில் அந்த மகளிர் கல்லூரி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. விலங்கியல் படிக்கும் பெண்களுக்கு வேதியியல் துணைப்பாடம். வேதியியல் துறையின் தலைவர், விரிவுரையாளர், பரிசோதனைக் குழாய் கழுவுகிறவர், பல்லியை விரட்டுகிறவர் எல்லாம் நான் ஒருத்திதான். அதுவும் தற்காலிகம்.

வேதியியலை முதன்மைப் பாடமாக நடத்த அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார்கள். ஆய்வுக்குழு வந்து பார்த்துத் தலையாட்டினால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஏப்ரலோடு மூட்டை கட்ட வேண்டும்.

மூட்டை போய்ச் சேர வேண்டிய இடம் தொப்பம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர். அங்கே அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். "வேலை நெலச்சுதுன்னா உன்ர இஷ்டம் கண்ணு. இல்லீன்னா சித்திரைல நாங்க பாத்த எடத்துக்குக் கழுத்த நீட்டிப்போடோணும். மறுபேச்சு ஆகாது."

பார்த்த இடத்து மாப்பிள்ளைக்கு இரண்டு கிணறும் ஒரு மீசையும் இருப்பதாகச் சொன்னார்கள். கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்டேன். மீசையைப் பற்றியே மறுபடியும் சொன்னார்கள்.

ஆக, எனக்கு அந்த ஆய்வுக்குழுதான் எல்லாம். மேலே படித்து, சொந்தக் காலில் நின்று, ராத்திரி விளக்கு எரிந்தால் யாரும் ஏனென்று கேட்காத ஓர் அறையில் இருக்க ஆசைப்பட்டேன். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

ஒருநாள் கல்லூரி

ஆய்வுக்குழு வருகிறதென்றால் ஒரு கல்லூரி எப்படித் தயாராகும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நூலகத்துக்குப் புத்தகங்கள் இரவல் வந்தன. அவற்றின் முதல் பக்கத்தில் வேறொரு கல்லூரியின் முத்திரை இருந்ததால், முதல் பக்கத்தையும் அட்டையையும் பசை போட்டு ஒட்டினோம். ரசாயனத் தராசு ஒன்று அம்பாசிடர் காரின் பின்சீட்டில் மெத்தைமேல் உட்கார்ந்து மணப்பெண் மாதிரி வந்து இறங்கியது. ஆய்வு முடிந்த மறுநாள் அதே காரில் புகுந்த வீட்டை விட்டுக் கிளம்பியும் போனது.

மொட்டைமாடித் தொட்டிக்கு லாரித் தண்ணீர் ஏற்றினார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. திண்டுக்கல்லில் குழாயைத் திறந்த உடனே தண்ணீர் வந்தால் எந்த மனிதருக்கும் சந்தேகம் வராதா?

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சின்னாளபட்டி வாசகர் ஒருவர் கோபமாக ஒரு கார்டு போட்டிருக்கிறார். "ஊரில் எல்லோரையும் நக்கலடிக்கிறீர்கள். நீங்கள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்கிறார். ஐயா, நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

பெரியவர் பார்வையிட்டார்

ஆய்வுக்கு முந்தின சாயங்காலம் தாளாளர் எல்லாவற்றையும் பார்வையிட வந்தார். புகையிலை வியாபாரத்தில் பெரிய கை. கல்வியில் புதுசு. அவர் அறைக்குள் வந்தால், அவருக்கு ஒரு நிமிடம் முன்னால் அவர் கடை வாசனை வந்து உட்கார்ந்துவிடும். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். சம்பளத்தை நிறுத்தியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை, அதுதான் ஒரே குறை.

சுவரில் மாட்டியிருந்த பலகை முன்னால் நின்றார். விரலை நீட்டி, கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். மேடு ஏறினார், பள்ளத்தில் இறங்கினார், அடுத்த மேட்டையும் ஏறி முடித்தார். விரல் சரசரவென்று கீழே இறங்கி, தொடங்கிய இடத்துக்கும் ரொம்பக் கீழே போய் நின்றது. முகம் சுருங்கியது.

"ஏம்மா, இம்புட்டுக் கஷ்டப்பட்டு ரெண்டு மேடு ஏறி, கடைசில போயி அதலபாதாளத்துல விழுந்து கெடக்கே?"

"சார், அது ஆற்றல் குறையறதைக் காட்டுதுங்க. குறைஞ்சாத்தான் நல்லது."

"கொறஞ்சா நல்லதா?" என்று பக்கத்தில் நின்ற கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் சிரித்து வைத்தார். "கொறஞ்சா எப்புடிம்மா நல்லதாகும்? நாளைக்கு வாரவுக மொதமொதல்ல இதத்தான் பாப்பாக. இந்தக் காலேஜு படுத்துரும்போல இருக்கேன்னு நெனைக்க மாட்டாகளா?"

"வினையே அப்படித்தானுங்க சார். பீக்கர் சூடாகும். அதுக்கு..."

"வினையெல்லாம் அப்பறம் பாக்கலாம். நம்ம காலேஜு செவுத்துல எறங்குமுகமா எதுவும் இருக்கக் கூடாது. கடைசிய மேல தூக்கச் சொல்லு." வாசல்வரை போனவர் திரும்பினார். "அனுமதி வந்ததும் ஒன் பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடத் தயாரா இருக்கேன்மா. நீயும் கொஞ்சம் ஒத்துப் போகணும்."

அதட்டவில்லை. பாசமாகத்தான் சொன்னார். அதட்டியிருந்தால் ஒருவேளை நான் எதிர்த்திருப்பேனோ என்று பின்னால் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது நானே எனக்குச் செய்துகொண்ட சலுகை.

தங்கராசு மறுபடியும் வந்தார். கோட்டின் கடைசிப் பகுதியை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, புது வாலை மேல்நோக்கித் திருப்பினார். தொடங்கிய இடத்தைவிட ஒரு சாண் உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. எதும்மா சரி? முன்னாடி கீழ போச்சே அதா, இப்ப மேல போகுதே இதா?"

"பெரியவர் சொன்னதுதானுங்க சரி."

அவருக்கு அன்றைக்குத்தான் என்மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. "அப்ப எங்க தொழிலும் உங்க தொழிலும் ஒண்ணுதாம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சுடுது சார்

மறுநாள் குழு வந்தது. மூன்று பேர். வரும்போதே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் சமையல் நடக்கும் திசையைப் பார்த்தார். மூன்றாமவர் வேதியியல் பேராசிரியர். மூக்கு நுனியில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே கண்.

செய்முறை காட்டுவதற்கு செல்வமேரியை நிறுத்தியிருந்தேன். விலங்கியல் இரண்டாமாண்டு, சித்தையன்கோட்டையில் விவசாயக் குடும்பம். தவளையை அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒரே பெண். கை நடுங்காது என்பதற்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். நாக்கும் நடுங்காது என்பதை யோசிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே வினையை வகுப்பில் செய்து காட்டி, பீக்கரை வரிசையாக எல்லாப் பெண்களின் கையிலும் கொடுத்து, தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கோடு ஏன் இறங்குகிறது என்று கரும்பலகையில் போட்டும் காட்டியிருந்தேன். நல்ல வகுப்பு அது. என் ஆசிரிய வாழ்க்கையில் நான் நன்றாக எடுத்த வகுப்புகளை எண்ணினால் அதுவும் சேரும். சுவரில் இருக்கும் படத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவேயில்லை. பொய் சொல்வதில் அப்போது எனக்கு அனுபவம் போதாது.

செல்வமேரி பெராக்சைடில் அயோடைடைப் போட்டாள். நுரை பொங்கிப் பீக்கரின் விளிம்பைத் தாண்டியது. தாளாளர் தானே கண்டுபிடித்தவர் மாதிரி தலையை ஆட்டினார். பேராசிரியர் சுவரைப் பார்த்தார். நிமிர்ந்து நன்றாகவே பார்த்தார்.

"இந்தப் படத்தைப் பத்தி நீ சொல்லும்மா" என்றார் அவளிடம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பலகையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும்.

"சார், இது தப்பு சார்."

"தப்பா?"

"பீக்கர் சுடுது சார். சுட்டா உள்ள இருந்த சக்தி வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம். அப்பக் கோடு கீழதான சார் போகணும்? இது மேல போயி நிக்கிது. மிஸ் போர்டுல கீழ எறக்கித்தான் போட்டாக. எங்க எல்லாத்தையும் தொட்டுப் பாக்கச் சொன்னாக."

ஒரு பெண் தான் படித்ததை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் அதிகம் கேட்டதில்லை. நான் ஓடிப்போய் அவளைக் கட்டியணைத்திருக்க வேண்டும்.

தாளாளர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. 'சொல்லும்மா' என்கிற பார்வை. எனக்கு அந்த நொடியில் கிணறுகள் தெரிந்தன, மீசை தெரிந்தது, சித்திரை மாதம் தெரிந்தது.

உண்மையைச் சொல்வதற்கு ஒரு மேடு ஏற வேண்டியிருந்தது. உயரமான மேடுதான், ஆனால் ஏற முடியாதது இல்லை. அதற்குப் பதிலாகத் தாழ்வான வேறொரு பாதை இருந்தது. வினையூக்கி என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோமே, அது செய்யும் வேலையே இப்படிக் குறுக்கு வழி காட்டுவதுதான். பயத்தைப் போல நல்ல வினையூக்கியை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை.

"இவ அந்தக் கிளாசுக்கு வரலீங்க சார்" என்றேன். "யாரோட நோட்டையோ பாத்துட்டுப் பேசறா."

"மிஸ், நான் வந்தேன் மிஸ். ரெண்டாவது பெஞ்சுல..."

"பீக்கர் காலைல இருந்து சன்னலோரம் வெயில்ல இருந்துச்சு. அதான் சூடு. நீ போய் உக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். போய் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும், அவர் கிளர்வு ஆற்றலில் முடி நரைத்தவர். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் உடைந்திருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தாளாளர், "சார், எல போட்டாச்சு. வெஞ்சனமெல்லாம் ஆறிப் போகும்" என்றார். "ரைட்டு" என்று சொல்லி, பேராசிரியர் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டு நடந்தார். கையைக் கழுவுவதற்குக் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது.

அனுமதி

பங்குனியில் அனுமதி வந்தது. பாடம் நடத்தத் தேவையான வசதிகள் திருப்திகரமாக உள்ளன என்று எழுதியிருந்தார்கள். தாளாளர் சொன்னபடியே எனக்கு ஆணையில் கையெழுத்துப் போட்டார். "பாத்தியாம்மா, மேல தூக்குனதும் எல்லாம் மேல வந்துருச்சு" என்றார். நான் நன்றி சொன்னேன். அப்பாவுக்குத் தபால் போட்டேன். மாப்பிள்ளைக்கு வைகாசியில் வேறு பெண் கிடைத்துவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கிணறுகளைப் பற்றித் தகவல் இல்லை.

நான் விரும்பிய அறை கிடைத்தது. விளக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரிந்தது. இதையெல்லாம் மறைக்க விரும்பவில்லை, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. சாயங்காலம் எல்லாப் பெண்களும் போனபின் செல்வமேரி மட்டும் தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசை ஓரத்தில் நின்றாள்.

"மிஸ், சரி பண்ணிட்டேன். பாத்துச் சொல்லுங்க."

பெராக்சைடு பக்கத்தைத் திறந்தேன். கோட்டின் கடைசிப் பகுதியை ரப்பரால் அழித்திருந்தாள். கீழே இறங்கிய பழைய கோட்டின் தடம் தாளில் பள்ளமாகத் தெரிந்தது. அதற்கு மேலே, சுவரில் இருந்ததைப் போலவே, அளவெடுத்து அழகாகப் புதுக்கோடு ஒன்றை மேல்நோக்கி வரைந்திருந்தாள். முதல் மேடு பெரியது, இரண்டாவது சின்னது. அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

கீழே கண்டறிந்தவை என்ற பகுதியில் 'பீக்கர் சூடாகிறது' என்று முன்பு எழுதியிருந்ததை ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள். பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தாள்: 'பீக்கர் லேசாகச் சூடானது போல் எனக்குத் தோன்றியது.'

"இப்பச் சரியா இருக்கா மிஸ்?"

அவள் குரலில் துளி கேலி இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை. உண்மையாகவே கேட்டாள். தன் கை தன்னிடம் சொன்னதைவிட நான் சொன்னதை அவள் நம்பிவிட்டிருந்தாள்.

"சரியா இருக்கு" என்றேன். சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, தேதியையும் எழுதி, நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.